நாற்பது

முங்கும்போது யாரும் கடிகாரம் கட்டுவதில்லை.
எனக்கு நெஞ்சுதான்.
சின்னப்பாலத்திலிருந்து வத்தையில் போய்ப்
பார்மேல் இறங்கினால்
நாற்பது துடிப்பு.
முப்பதில் கை பாசியை விட வேண்டும்,
முப்பத்தைந்தில் கால் தரையை உதைக்க வேண்டும்,
நாற்பதில் வாய் வெளியே.
பதினாறு வயதில் நானே அளந்த கணக்கு.
இருபத்து மூன்று வருஷம் பொய் சொன்னதில்லை.

மாசி மாதம். நல்ல தெளிவு.
மரிக்கொழுந்துப் பாசி கொத்துக் கொத்தாய்.
பன்னிரண்டு, பதிமூன்று,

பதினான்கு வரவில்லை.

காத்திருந்தேன்.
பிறகு மூன்று ஒன்றாய் வந்தன, அப்புறம் ஒரு அரை,
கவிழ்த்த கூடையிலிருந்து நண்டுகள் சிதறினாற்போல்
எங்கெங்கோ ஓடின.
எண்ண முடியாதவள்
தண்ணீருக்கடியில் எவ்வளவு நேரம் இருக்கிறாள்?
ராக்கினிதான் முடியைப் பிடித்துத் தூக்கினாள்.
"என்னடி, அங்கேயே குடிவச்சிட்டியா?"

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில்
தாளில் கோடு போட்டுப் பார்த்தார்கள். சீராக இருந்தது.
போலீசைக் கண்டால் நல்லபிள்ளை ஆகிவிடுகிற நெஞ்சு.
வாயுவாக இருக்கும் என்று பத்து மாத்திரை.

மூன்றாவது தடவை
டெக்னீசியன் சுலைகா பானு மார்பில் ஐந்து கம்பி ஒட்டி
இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி மாட்டினாள்.
"ஒரு பகல், ஒரு ராத்திரி. என்ன செஞ்சாலும்
நேரம் போட்டு எழுதுங்கக்கா. நனையக் கூடாது."
நனையாமல் நான் என்ன செய்வேன்?
அதைத்தான் எழுதினேன்.

ஏழரை. கரையில் உட்கார்ந்திருக்கிறேன்.
எட்டு. உட்கார்ந்திருக்கிறேன்.
பதினொன்று. ராக்கினி வந்தாள். மூட்டை பெரிது. எரிச்சல்.
நாலு பத்து. பாம்பன் பாலத்தில் ரயில். காற்றுக்குப் பயந்து ஊர்கிறது.
ராத்திரி பத்து. அவர் பக்கத்தில் படுத்தார். கம்பி இருக்கு என்றேன்.
மூன்று இருபது. முழிப்பு. நண்டு.

அந்த மூன்று இருபதில் டாக்டர் விரல் வைத்தார்.
"மேலறை ரெண்டும் அடிக்கலம்மா, நடுங்குது.
ரத்தம் முழுசா இறங்காமத் தேங்கும்.
தேங்கினா உறையும். உறைஞ்ச துண்டு மூளைக்குப் போனா..."
அவர் முடிக்கவில்லை.
எனக்குத் தெரியாதா,
நின்ற தண்ணியில் பாசி பிடிக்கும்.

காலையில் ஒன்று, துடிப்பை அடக்க.
ராத்திரி ஒன்று, ரத்தத்தை இளக்க.
மாதம் ஒருமுறை பஸ் ஏறி ரத்தம் கொடுத்து
எண்ணைக் கேட்டு வர வேண்டும்.
இரண்டுக்குக் கீழே போனால் உறையும்,
மூன்றைத் தாண்டினால் நிற்காது.
முருங்கைக்கீரைகூட அளந்துதான்.
"கடலுக்குப் போகலாமா?"
பார் கிழித்த என் விரல்களைப் பார்த்தார்.
"வேற வேலை ஏதாவது..."
குழுக்கடனில் பதினோரு தவணை பாக்கி, டாக்டர்.
சொல்லவில்லை.

ஆனியில் இறங்கினேன்.
கையில் உறைக்குமேல் உறை,
ஒரு ஆள் ஆழம், அதற்குமேல் இல்லை என்று
ராக்கினியிடம் சத்தியம்.
ஒன்று.
இரண்டு.
ஆற அமர வந்தது, ஒன்றுகூடத் தவறவில்லை.
சிரிப்பு வந்தது தண்ணீருக்குள்.
இருபத்தெட்டில் மார்பு வெடித்தது.
வாய் திறக்கும் முன்னே ஏறிவிட்டேன்,
அவ்வளவுதான் மிச்சம்.

மாத்திரை துடிப்பை நீட்டிவிட்டிருக்கிறது.
பழைய நாற்பதுக்குள் இப்போது
இன்னொரு பத்தும் சில்லறையும் ஒளிந்திருக்கிறது.
சீரான நெஞ்சும் கொல்லும் போல,
பழைய கணக்கை அதனிடம் கேட்டால்.

இருபத்தைந்து. இனி அதுதான்.

வத்தை விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தேன்.
உறையைத் தாண்டிச் சிப்பி கீறிய சுண்டுவிரலை அழுத்தியபடி.
சிவப்பு நூல் ஒன்று நீவாட்டோடு போனது.
"நிக்குதா?"
"நிக்குது, நிக்குது. நீ முங்கு."
அவள் போனாள்.
கழுத்தில் இரண்டு விரல் வைத்து
என் நெஞ்சால் அவளை எண்ணினேன்.
இருபத்தாறு. இருபத்தேழு.
இருபத்தொன்பதில் தண்ணீர் உடைந்தது.